ஒரு கட்டத்தில் ஒரு செய்தி: பெயரேடுகள் சொல்லும் வரலாறு



அரசாங்க அலுவலகத்திலோ, மருத்துவமனையிலோ, பள்ளிக்கூடத்திலோ நம் கையில் ஒரு பாரத்தைக் கொடுக்கிறார்கள். அதில் எத்தனை கட்டங்கள்! பெயருக்கு ஒரு கட்டம், தகப்பனார் பெயருக்கு ஒரு கட்டம், பிறந்த தேதிக்கு ஒன்று, பிறந்த ஊருக்கு ஒன்று. ‘எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் போதாதா? இவர்கள் ஏன் இப்படித் துண்டு துண்டாகக் கேட்கிறார்கள்?’ என்று நம்மில் பலர் சலித்துக் கொள்வதுண்டு. அந்தக் கட்டங்களுக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. தோட்டத்துக் குடும்பங்களாகிய நமக்கு அந்த வரலாறு மிகவும் நெருக்கமானது. இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஓர் எளிய எடுத்துக்காட்டு. ஒரு நோட்டுப் புத்தகத்தில் இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: ‘ராமசாமி மகன் முத்துசாமி, மூன்றாம் லயம், மனைவி மாரியம்மாள், பிள்ளைகள் செல்வி, குமார், ராணி.’ படிப்பதற்கு இதில் ஒரு குறையும் இல்லை. ஒரு குடும்பத்தின் கதை முழுவதும் ஒரே வரியில் வந்துவிட்டது. இத்தகைய வரிகள் ஐந்நூறு இருந்தால் என்ன ஆகும்? ‘தோட்டத்தில் மொத்தம் எத்தனை பிள்ளைகள்?’ என்று யாராவது கேட்டால் ஐந்நூறு வரிகளையும் ஆரம்பத்திலிருந்து படித்து விரல் விட்டு எண்ண வேண்டும். ‘ராமசாமி என்பவருக்கு எத்தனை மகன்கள் இங்கே வேலை செய்கிறார்கள்?’ என்று கேட்டாலும் அதே கதைதான். செய்தி இருக்கிறது, ஆனால் கைக்கு எட்டவில்லை. ஒரு கட்டத்திற்குள் பல செய்திகளைச் சேர்த்துக் கட்டியதனால் வந்த தொல்லை இது.

இந்தத் தொல்லையை நம் முன்னோர்களும் அறிந்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராச சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயில் பணிக்கென்று குடியமர்த்தப்பட்ட நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள் அதில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. எந்தத் தெரு, தெருவின் எந்தப் பக்கம், எத்தனையாவது வீடு, அந்தப் பெண்ணின் பெயர் என்ன, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருவருக்கும் ஒரே ஒழுங்கில் எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உரிய பங்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். கல்லில் கோடு போட்டுக் கட்டம் பிரிக்கவில்லை. என்றாலும், செய்திகள் ஒரே வரிசையில் வருகிற காரணத்தால், ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்பும் ஆய்வாளர்கள் அந்தக் கல்வெட்டைப் பட்டியலாகப் பிரித்து, எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள் என்று கணக்கெடுக்க முடிகிறது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளையும் நாம் பள்ளியில் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை அவை. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதி உடையவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதினார்கள். ஓர் ஓலைக்கு ஒரு பெயர். ஒவ்வொரு குடும்பின் ஓலைகளையும் தனித்தனியாகக் கட்டி, இன்ன குடும்பு என்று தெரியும்படி மேலே ஒரு வாயோலை பூட்டினார்கள். பல பெயர்களை ஒரே ஓலையில் எழுதியிருந்தால் குடத்திலிருந்து ஒருவரை எடுப்பது எப்படி? ஓர் ஆளுக்கு ஓர் ஓலை, ஒரு குடும்புக்கு ஒரு கட்டு. பதிவேடு எழுதும் கலையின் அடிப்படை விதி இதில் அடங்கியிருக்கிறது.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். 1800ஆம் ஆண்டு, தீவுக்கு எதிரே உள்ள நிலப்பகுதியும் ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு வந்தது. அதற்கு வெல்லெஸ்லி மாநிலம் என்று பெயர் வைத்தார்கள். இன்று நாம் அதைச் செபராங் பிறை என்கிறோம். பிறை ஆறு கடலில் கலக்கும் இடத்தில்தான் நம் பிறை நகரம் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்த வட்டாரம் முழுவதும் கரும்புத் தோட்டங்கள் பரவின. பத்து காவானிலும், நிபோங் திபால் பக்கத்துக் கலிடோனியாவிலும் வேலை செய்யத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மக்கள் கொண்டுவரப்பட்டார்கள். 1899இல் பிறை வரைக்கும் இருப்புப் பாதை வந்தது. கப்பலில் வந்து இறங்கியவர்களை உள்நாட்டுத் தோட்டங்களுக்கு அனுப்ப இந்த ரயில் பாதை பெரிதும் உதவியது. 1910இல் ஒப்பந்த முறை நிறுத்தப்பட்டது. கங்காணி முறை தொடர்ந்தது. கரும்பு மறைந்து ரப்பர் வந்தது.

இந்த மாற்றங்கள் எல்லாவற்றிலும் மாறாமல் இருந்த பொருள் ஒன்று உண்டு. அதுதான் பேரேடு. விடியற்காலையில் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கிராணியின் கையில் செக்ரோல் புத்தகம் இருக்கும். இடது பக்கத்தில் பெயர்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். வலது பக்கத்தில் மாதத்தின் நாட்கள் கட்டம் கட்டமாக இருக்கும். ஓர் ஆளுக்கு ஒரு வரி, ஒரு நாளுக்கு ஒரு கட்டம். மாதக் கடைசியில் குறுக்கே கூட்டினால் அந்த ஆளின் சம்பளம் தெரியும். நெடுக்கே கூட்டினால் அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பது தெரியும். கணினி வருவதற்கு எவ்வளவோ காலத்திற்கு முன்பே நம் பாட்டன் பாட்டிமார் ஒழுங்கான அட்டவணை ஒன்றின் வரிகளாக வாழ்ந்திருக்கிறார்கள்.

நாட்களை இப்படித் துல்லியமாகப் பிரித்த புத்தகம் பெயரை மட்டும் பிரிக்கவில்லை. ஒரே தோட்டத்தில் நான்கு முத்துசாமிகள் இருந்தால் என்ன செய்வது? பெரிய முத்துசாமி, சின்ன முத்துசாமி, கோழிக்கொட்டாய் முத்துசாமி, ராமசாமி மகன் முத்துசாமி என்று பெயரோடு இன்னொரு செய்தியையும் ஒட்டி எழுதினார்கள். உடல் அமைப்பு, இருப்பிடம், தகப்பன் பெயர் எல்லாம் பெயர் என்ற ஒரே கட்டத்திற்குள் குடிபுகுந்தன. பிரட்டுக் களத்தில் ஆளை அடையாளம் காண இது போதும். இதையே ஒரு பிறப்புப் பதிவிலும், சம்பளப் புத்தகத்திலும், அடையாளக் கார்டிலும் எழுதும்போதுதான் வில்லங்கம் தொடங்குகிறது. ஓர் ஏட்டில் ‘சின்ன முத்துசாமி’, இன்னோர் ஏட்டில் ‘ராமசாமி மகன் முத்துசாமி’. இருவரும் ஒரே ஆள்தான் என்று யார் சாட்சி சொல்வது?

தனி ஆளின் பெயரில் மட்டும்தான் இந்தச் சிக்கல் என்று நினைக்க வேண்டாம். மக்கள் தொகைக் கணக்கிலும் இது நேர்ந்தது. நீரிணைக் குடியேற்ற நாடுகளில் 1871இல் எடுத்த கணக்கில், ‘வங்காளிகளும் தனியாகக் குறிப்பிடப்படாத மற்ற இந்தியச் சுதேசிகளும்’ என்ற பொருளில் ஒரு தலைப்பு இருந்தது. 1891ஆம் ஆண்டுக் கணக்கில் ‘தமிழரும் மற்ற இந்தியச் சுதேசிகளும்’ என்பது ஒரு பெருந்தலைப்பாயிற்று. அந்தத் தலைப்பின் கீழ்த் தமிழர், வங்காளி, பார்சி, பர்மியர் என்று உட்பிரிவுகள் வைத்தார்கள். 1921ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியர் என்ற தலைப்பின் கீழ்த் தமிழர், தெலுங்கர், மலையாளி, பஞ்சாபி என்று பிரித்துக் காட்டினார்கள்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. தமிழர் இத்தனை பேர், தெலுங்கர் இத்தனை பேர் என்று பிரித்து எழுதியிருந்தால், இரண்டையும் கூட்டி மொத்தத்தைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். ‘மற்றவர்கள்’ என்று சேர்த்து எழுதிய மொத்தத்தை வைத்துக்கொண்டு, அதில் தெலுங்கர் எத்தனை பேர் என்று எந்தக் கணக்குப் புலியாலும் கண்டுபிடிக்க முடியாது. பிரித்ததைக் கூட்டலாம், கூட்டியதைப் பிரிக்க இயலாது. ‘ராமசாமி மகன் முத்துசாமி’ என்ற வரியையாவது ‘மகன்’ என்ற சொல்லை அடையாளமாக வைத்துப் பிரித்துவிடலாம். எண்களைக் கூட்டிவிட்டாலோ, பிரிப்பதற்கு அடையாளமே இல்லாமல் போய்விடுகிறது. ஆகவே எதையும் முதன்முதலில் எழுதும்போதே பிரித்து எழுதுவது நல்லது.

மக்கள் தொகைக் கணக்கைப் பற்றிப் பேசும்போது அமெரிக்காவில் நடந்த ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். அங்கே 1880ஆம் ஆண்டு எடுத்த கணக்கைத் தொகுத்து முடிக்கவே ஏழெட்டு ஆண்டுகள் ஆயின. அடுத்த கணக்கு எடுக்கும் காலமும் நெருங்கிவிட்டது! அப்போது ஹெர்மன் ஹாலரித் என்பவர் ஓர் உபாயம் செய்தார். ஆளுக்கு ஓர் அட்டை வைத்தார். அட்டையில் ஆணா பெண்ணா என்பதற்கு ஓர் இடம், வயதுக்கு ஓர் இடம், பிறந்த நாட்டுக்கு ஓர் இடம் என்று பிரித்து, அந்தந்த இடத்தில் துளை போட்டார். துளை எங்கே இருக்கிறது என்பதை மின்சார இயந்திரம் தொட்டுப் பார்த்து எண்ணிவிடும். 1890ஆம் ஆண்டுக் கணக்கு இந்த அட்டைகளைக் கொண்டுதான் எண்ணப்பட்டது. இயந்திரம் வேகமாக எண்ணியதற்கு மின்சாரம் ஒரு காரணம் என்றால், ஒவ்வொரு செய்திக்கும் தனி இடம் ஒதுக்கியது அதற்கு முந்திய காரணம்.

சரி, பிரித்து எழுதியதனால் சாதாரண மக்களுக்கு என்ன லாபம்? இதற்குத் தென்னாப்பிரிக்கா பதில் சொல்கிறது. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்ற கப்பல், 342 பேருடன் நேட்டாலின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று முதல் 1911 வரைக்கும் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே போனார்கள். அவர்களைப் பதிந்த கப்பல் பட்டியல்களில் வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பத்தி போட்டிருந்தார்கள். எழுதிய குமாஸ்தாக்கள் அன்பினால் அப்படி எழுதவில்லை. ஓடிப்போன ஆளைப் பிடிக்கவும், ஒப்பந்தக் கணக்கைச் சரிபார்க்கவும்தான் எழுதினார்கள். பல தலைமுறைகள் கழிந்த பின்னர் அந்தப் பட்டியல்கள் கணினியில் ஏற்றப்பட்டன. இன்று கொள்ளுப் பேரப்பிள்ளைகள் தங்கள் பாட்டனின் எண்ணைத் தேடி, அவருடைய தகப்பனார் பெயரையும் கிராமத்தையும் கண்டுபிடிக்கிறார்கள். அடக்கியாள்வதற்காகப் போட்ட பத்திகள் உறவைத் தேடும் வழியாகிவிட்டன.

பிஜித் தீவிலும் அப்படியே. அங்கே ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்களுக்கு ஆளுக்கு ஒரு குடியேற்றச் சீட்டு இருந்தது. பிஜியில் பிறந்த வரலாற்றாசிரியர் பிரிஜ் லால், வட இந்தியாவிலிருந்து சென்ற 45,439 பேரின் சீட்டுகளையும் எடுத்து, ஒவ்வொரு செய்தியையும் தனித்தனியாகக் கணினியில் ஏற்றி ஆராய்ந்தார். 1983இல் அந்த ஆராய்ச்சி நூலாக வந்தது. ‘கூலிகளாகப் போனவர்கள் எல்லாரும் சமூகத்தின் அடிமட்டத்தைச் சேர்ந்தவர்கள்; பெண்கள் ஒழுக்கம் கெட்டவர்கள்’ என்றெல்லாம் வெள்ளைக்காரத் துரைமார்கள் எழுதி வைத்திருந்தார்கள். சீட்டுகளை எண்ணிப் பார்த்தபோது, பலதரப்பட்ட சாதியினரும் போயிருக்கிறார்கள், பல பெண்கள் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள் என்பது தெரிய வந்தது. பத்திகளைப் பிரித்து எண்ணியதனால் ஒரு சமூகத்தின் மீது விழுந்த பழி குறைந்தது.

இப்போது கணினிக்கு வருவோம். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்த எட்கர் காட் என்ற கணித அறிஞர், 1970ஆம் ஆண்டு ஒரு கட்டுரை வெளியிட்டார். கணினியில் செய்திகளைச் சேர்த்து வைக்கும் முறையையே அது மாற்றிவிட்டது. செய்திகளை எளிய அட்டவணைகளாக வைக்க வேண்டும். வரியும் பத்தியும் சந்திக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே ஒரு செய்திதான் இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன விதிகளில் முக்கியமானது. இதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் நமக்கு மிகவும் பழக்கமானது: ஊழியர்களின் பெயரேடு! ஊழியரின் பெயர், பிறந்த தேதி, அவர் பார்த்த வேலைகள், அவருடைய பிள்ளைகள். பிள்ளைகளை ஊழியரின் வரிக்குள்ளேயே திணிக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தனி அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் வரியிலும் தகப்பனின் எண்ணை எழுதுங்கள் என்றார் அவர்.

நாம் தொடக்கத்தில் பார்த்த வரியை இந்த விதிப்படி பிரித்துப் பார்ப்போம். முதல் அட்டவணையில் குடும்பத் தலைவருக்கு ஒரு வரி: எண் 41, பெயர் முத்துசாமி, தகப்பனார் ராமசாமி, மனைவி மாரியம்மாள், லயம் 3. இதில் ஒரே செய்தி பல பத்திகளாகப் பிரிந்தது. பிள்ளைகளுக்கான இரண்டாவது அட்டவணையில் மூன்று வரிகள் வரும்: 41 செல்வி, 41 குமார், 41 ராணி. இங்கே ஒரு கட்டம் பல வரிகளாகப் பிரிந்தது. ஒரு ஆளைப் பற்றிய வெவ்வேறு செய்திகள் என்றால் பத்திகளாகப் பிரிக்க வேண்டும். ஒரே வகைச் செய்தி பல என்றால் வரிகளாகப் பிரிக்க வேண்டும். பிள்ளை 1, பிள்ளை 2, பிள்ளை 3 என்று மூன்று பத்தி போட்டால் நான்காவது பிள்ளை எங்கே போகும்? வரியாகப் பிரித்தால் எத்தனை பிள்ளை பிறந்தாலும் இடம் இருக்கும். 41 என்ற எண்ணை எழுதாமல் விட்டால், பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்த அநாதைகளாகி விடுவார்கள். பிரிக்கும்போது உறவு அறுந்துவிடாமல் காப்பது அந்த எண்தான்.

பழைய ஏடுகளைக் கணினியில் ஏற்றுகிறவர்கள் இன்னும் சில எச்சரிக்கைகளைக் கைக்கொள்கிறார்கள். மூல வரியை அழிப்பதில்லை. அதைத் தனியே வைத்துக்கொண்டு, பிரித்ததைப் பக்கத்தில் எழுதுகிறார்கள். எங்கே வெட்டுவது என்பதற்கு ஓர் அடையாளத்தைத் தேடுகிறார்கள். அது காற்புள்ளியாக இருக்கலாம், ‘மகன்’ என்ற சொல்லாக இருக்கலாம். அந்த அடையாளம் இல்லாத வரிகளைத் தனியாக ஒதுக்கிக் கண்ணால் பார்க்கிறார்கள். தெரியாததை ஊகித்து நிரப்பாமல் கட்டத்தைக் காலியாக விடுகிறார்கள். பிரித்து முடித்ததும் ஆட்களின் எண்ணிக்கை முன்னும் பின்னும் சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நெல்லைத் தூற்றிய பிறகு மரக்கால் போட்டுப் பார்ப்பது போலத்தான் இது.

மலேசியாவில் வாழும் நமக்கு வெட்டுகிற அடையாளம் ஒன்று பெயருக்குள்ளேயே இருக்கிறது. முற்காலத்தில் ஆங்கிலத்தில் எஸ்/ஓ, டி/ஓ என்று எழுதினார்கள். பிறகு மலாய் மொழியில் அனாக் லெலாகி, அனாக் பெரெம்புவான் என்பதன் சுருக்கமாக ஏ/எல், ஏ/பி என்று எழுதலானார்கள். முன்னால் இருப்பது நம் பெயர். பின்னால் இருப்பது தகப்பனார் பெயர். மலாய்க்காரர்களுக்குப் பின், பிந்தி என்பவை இதே வேலையைச் செய்கின்றன. சீனர்களுக்கோ குடும்பப் பெயர் முன்னால் வருகிறது. ஆகவே ‘கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர்’ என்ற ஒரே விதியால் மலேசியர் எல்லாருடைய பெயரையும் வெட்டினால் குழப்பம்தான் மிஞ்சும். வெளிநாட்டுப் பாரங்களில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்கும்போது, மகன் ராமசாமியாகவும் தகப்பன் பெருமாளாகவும் ஆகிவிடுவது இதனால்தான். தமிழருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று வழக்கத்தில் இல்லை. பாரத்தைத் தயாரித்தவர் தம் ஊர் வழக்கத்தை உலக வழக்கம் என்று எண்ணிவிட்டார்.

அடையாளக் கார்டின் வரலாறும் இதோடு சேர்ந்ததே. 1948இல் அவசரகாலம் பிறப்பிக்கப்பட்டபோது, பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனவர்கள் பதிந்துகொள்ள வேண்டும் என்று கட்டளை வந்தது. அப்போதுதான் தோட்டத்து மக்களின் பெயர்கள் பெருவாரியாக அரசாங்க ஏட்டில் ஏறின. 1990இல் பன்னிரண்டு இலக்க எண் வந்தது. 2001இல் மைகார்டு வந்தது. அந்தப் பன்னிரண்டு இலக்கத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தைக் குறிக்கும் எண். பினாங்கில் பிறந்தவர்கள் பலருக்கு அது 07. கடைசி நான்கும் வரிசை எண். அதன் இறுதி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண். பல செய்திகளைச் சேர்த்துக் கட்டிய எண்தான் இது. என்றாலும் எது எந்த இடத்தில் என்பது நிலையாக இருப்பதனால் எளிதில் பிரித்துப் படிக்கலாம். ஒரு பலவீனமும் உண்டு. ஆண்டுக்கு இரண்டே இலக்கம் என்பதால், 20 என்றிருந்தால் 1920ஆ 2020ஆ என்று அந்த இரண்டு இலக்கத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. இன்னொன்று: பிறந்த தேதி தவறாகப் பதியப்பட்டால், அந்தத் தவறு எண்ணுக்குள்ளும் புகுந்துவிடும். பிறகு தேதியைத் திருத்தினால் எண்ணையும் மாற்ற வேண்டி வரும்.

‘இவ்வளவு நுணுக்கம் எதற்கு?’ என்று நேயர்கள் கேட்கலாம். குடியுரிமையைப் பற்றி நினைத்துப் பாருங்கள். 1957 ஆகஸ்டு 31ஆம் நாள் சுதந்திரம் அடைந்தது முதல் 1962 அக்டோபருக்கு முன்பு வரை, இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பினாலேயே குடிமகன் ஆனது. அதற்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்கு, பிறந்த நேரத்தில் பெற்றோரின் நிலை என்ன என்பதும் பார்க்கப்பட்டது. ஆகவே பிறந்த தேதி, பிறந்த இடம், தாய், தகப்பன் என்ற நான்கு கட்டங்களும் தனித்தனியே ஒரு வாழ்க்கையைத் தீர்மானிக்கின்றன. ‘தோட்டத்தில் பிறந்தான், தீபாவளிக்கு முந்தின வாரம்’ என்று பாட்டி சொல்வது உண்மைதான். ஆனால் அதைப் போடுவதற்குப் பாரத்தில் கட்டம் இல்லை. 1969க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, ஆண்டாண்டு காலமாகப் பால் வெட்டிய கைகள் வேலையின்றி நின்றன. பலர் கப்பலேறித் தமிழ்நாடு திரும்பினார்கள். 2011இல் கூட, பத்திரம் இல்லாத இந்திய வம்சாவளியினரைப் பதிவதற்காக மைடஃப்தார் என்ற இயக்கம் நாடு முழுவதும் நடத்த வேண்டியிருந்தது.

தோட்டப் பள்ளிகளில் பாடம் சொல்லும் நாங்கள் ஒவ்வோர் ஆண்டும் முதலாம் வகுப்புச் சேர்க்கையின்போது இதைக் காண்கிறோம். பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பனார் பெயர் ஒரு விதம், தகப்பனாரின் அடையாளக் கார்டில் இன்னொரு விதம். ஒன்றில் செல்லப் பெயர், மற்றொன்றில் முழுப் பெயர். ஓரிடத்தில் சுப்பிரமணியம், வேறோரிடத்தில் சுப்ரமணி. கட்டத்தைச் சரியாகப் பிரித்தாலும் எழுத்து ஒன்றாக இல்லாவிட்டால் கணினிக்கு அவர்கள் இரண்டு பேர். சேமநிதிப் பணமோ, சொக்சோ உதவியோ கேட்டு வரிசையில் நிற்கும்போதுதான் இது தெரிய வருகிறது.

தோட்டங்கள் பல இன்று இல்லை. துண்டாடப்பட்டும், வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் அவை மாறிவிட்டன. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கப்பட்டது. பிறையின் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடி வந்த தோட்டத்துப் பிள்ளைகள் அடுக்குமாடி வீடுகளில் குடியேறினார்கள். ‘மூன்றாம் லயத்து முத்துசாமி’ என்றால் யார் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். லயமே இல்லாதபோது அந்தப் பெயருக்குள் ஒட்டியிருந்த செய்திக்கும் பொருள் இல்லாமல் போகிறது.

எனவே ஒவ்வொரு குடும்பமும் ஒரு வேலை செய்யலாம். ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். கோடு போட்டு வரிசை எண், பெயர், தகப்பனார் பெயர், தாயார் பெயர், பிறந்த தேதி, பிறந்த தோட்டம், மாவட்டம், மாநிலம், பிறப்புப் பத்திர எண், அடையாளக் கார்டு எண் என்று தனித்தனிப் பத்திகள் அமையுங்கள். ஆளுக்கு ஒரு வரி எழுதுங்கள். பெயரைப் பத்திரத்தில் உள்ளபடி ஓர் எழுத்தும் மாறாமல் எழுதுங்கள். அழைக்கும் பெயர் வேறாக இருந்தால் அதற்கு ஒரு பத்தி போடுங்கள். தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, தமிழ்நாட்டில் எந்தக் கிராமம், எந்தத் தாலுகா, எந்த மாவட்டம் என்று மூன்றையும் பிரித்துக் கேட்டு எழுதுங்கள். கிராமத்தின் பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. தமிழ்நாட்டில் ஒரே பெயரில் எத்தனையோ புதூர்கள், எத்தனையோ நல்லூர்கள் உண்டு. தெரியாத கட்டத்தைக் காலியாக விட்டுவிடுங்கள். உறவினர் யாராவது வரும்போது அவர் அதை நிரப்பக்கூடும்.

இரண்டு பத்திரங்களில் பெயர் மாறியிருப்பது கண்ணில் பட்டால், பிள்ளை பரீட்சை எழுதும் வயது வரும்வரை காத்திருக்காமல் உடனே பதிவு இலாகாவில் விசாரியுங்கள். எழுதத் தயங்கும் பெற்றோர்கள் பள்ளிக்கூடத்திற்கு வாருங்கள். கோடு போட்டுக் கொடுப்பதற்கும், பாரம் எழுதிக் கொடுப்பதற்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் இருக்கிறோம்.